வெளிநாட்டிலிருந்து சரக்கு வரவழைப்பது எப்படி: இறக்குமதியாளர் பதிவு முதல் சுங்க விடுவிப்பு வரை

முதல்முறை இறக்குமதி செய்பவர்களில் பலர் சப்ளையரிடமிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். விலை பேசி, முன்பணம் அனுப்பி, சரக்கு கப்பல் ஏறிய பிறகே கஸ்டம்ஸில் என்ன கேட்பார்கள் என்று விசாரிக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் என்ன பதில் வந்தாலும் அது செலவில்தான் முடியும். பொருளுக்குத் தனி அனுமதி தேவைப்படலாம். தொழிற்சாலை எடுத்திருக்க வேண்டிய சான்றிதழ் இல்லாமல் போகலாம். வரி, போட்ட கணக்கைத் தாண்டிப் போகலாம். இதற்கெல்லாம் தீர்வு தேடிக்கொண்டிருக்கும்போது துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பணம் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலைகளுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

படிவங்களின் பெயரும் இணையதளமும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் அடித்தளம் ஏறக்குறைய ஒன்றுதான். பொருள்களுக்கான எண் முறை உலக சுங்க அமைப்பினுடையது. மதிப்பிடும் விதிகள் உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்திலிருந்து வந்தவை. இந்த அடித்தளம் புரிந்துவிட்டால் எந்த நாட்டின் சுங்க இணையதளத்தைத் திறந்தாலும் எதைத் தேட வேண்டும் என்று தெரிந்துவிடும். எல்லாப் படிகளுக்கும் ஒரே பொருளை எடுத்துக்கொள்வோம்: தண்ணீர் பாட்டில்.

முதல் படி: பொருளுக்கு எண் கண்டுபிடியுங்கள்

எச்எஸ் கோடு, அதாவது மேலே சொன்ன உலகப் பொது முறையில் உங்கள் பொருளுக்குரிய எண், தெரியாமல் மற்ற எந்தக் கேள்விக்கும் பதில் கிடைக்காது. வரி விகிதம், அனுமதி, தடை, வர்த்தக ஒப்பந்தச் சலுகை எல்லாமே அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கின்றன. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த முறையை இருநூறுக்கும் மேற்பட்ட நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் பயன்படுத்துகின்றன. முதல் இரண்டு இலக்கம் அத்தியாயம், அடுத்த இரண்டு தலைப்பு, அதற்கடுத்த இரண்டு துணைத் தலைப்பு. இந்த ஆறு இலக்கம் வரை உலகம் முழுக்கப் பொது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு நாடும் தன் தேவைக்கு நீட்டிக்கொள்ளும். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் எட்டு இலக்கம், அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பத்து.

இப்போது பாட்டிலுக்கு வருவோம். கடை அலமாரியில் மூன்று பாட்டில்கள் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒன்று ஒற்றைச் சுவர் கொண்ட ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாட்டில். அது எஃகால் செய்த வீட்டுச் சாமான்களுக்கான 7323-ல் போகும். இன்னொன்று இரட்டைச் சுவர் வைத்து, நடுவில் வெற்றிடம் உள்ளது. அதுவும் ஸ்டீல்தான், ஆனால் வெற்றிடக் குடுவைகளுக்கென்றே 9617 என்ற தலைப்பு இருப்பதால் அங்கே போய்விடும். மூன்றாவது வீட்டு உபயோக பிளாஸ்டிக் பாட்டில், 3924. வாங்குபவர் மூன்றையும் தண்ணீர் பாட்டில் என்றுதான் சொல்வார். சுங்க அட்டவணையில் மூன்றும் மூன்று வெவ்வேறு அத்தியாயம். விகிதம் வேறாக இருக்கலாம், கேட்கும் சான்றிதழும் வேறாக இருக்கலாம்.

எனவே சப்ளையரிடம் முதலில் கேட்க வேண்டியவை பொருளின் உள் விவரங்கள். எதனால் ஆனது, எத்தனை சதவீதம், எப்படி வேலை செய்கிறது, எதற்காகப் பயன்படுகிறது. துணி என்றால் நெய்ததா, பின்னியதா, எந்த நூல். மின்சாதனம் என்றால் அதன் முதன்மை வேலை என்ன. சப்ளையர் தானாக ஒரு எண்ணைத் தருவார். அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளலாம், முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் தன் நாட்டின் ஏற்றுமதிக்காகப் போட்ட எண் அது. உங்கள் நாட்டில் அது தவறு என்றால் அபராதம் உங்கள் பெயருக்கு வரும்.

அட்டவணையைப் படிக்கும்போது தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் அத்தியாயத்துக்கும் தொடக்கத்தில் குறிப்புகள் உண்டு. எது உள்ளே, எது வெளியே என்று அவைதான் சொல்கின்றன. இரண்டு தலைப்புகள் பொருந்துவது போலத் தெரிந்தால் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஆறு பொது விளக்க விதிகள் இருக்கின்றன. பொதுவான தலைப்பைவிடக் குறிப்பான தலைப்பு முந்தும் என்பது அவற்றில் ஒன்று.

சந்தேகம் தீரவில்லையா? சுங்கத் துறையிடமே முன்கூட்டித் தீர்ப்பு கேட்கலாம். உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தம் 2017 பிப்ரவரி 22-ல் நடைமுறைக்கு வந்தது. இந்த வசதி அதில் ஒரு முக்கியமான பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்படி வாங்கும் வகைப்பாட்டுத் தீர்ப்பு மூன்று ஆண்டுக்குச் செல்லும். அமெரிக்க சுங்கத் துறை தன் பழைய தீர்ப்புகளை கிராஸ் என்ற இணையத் தொகுப்பில் எல்லோரும் தேடிப் படிக்கும்படி வைத்திருக்கிறது. நீங்கள் வேறு நாட்டில் இருந்தாலும், அதிகாரிகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று புரிந்துகொள்ள அதைப் படிப்பது நல்லது. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வரவழைக்கப் போகிறவர்கள் முன்தீர்ப்பை வாங்கிவிடுவதே புத்திசாலித்தனம்.

இரண்டாவது படி: உள்ளே விடுவார்களா?

சுங்க அதிகாரி சுங்கச் சட்டத்தை மட்டும் பார்ப்பதில்லை. உணவு, மருந்து, விவசாயம், தொலைத்தொடர்பு, தர நிர்ணயம் என்று பல துறைகளின் விதிகளையும் அவர்தான் எல்லையில் அமல்படுத்துகிறார். எண்ணை வைத்துக்கொண்டு நான்கு விஷயங்களைப் பாருங்கள்: பொருள் முற்றிலும் தடை செய்யப்பட்டதா, உரிமம் இருந்தால் மட்டும் வரலாமா, தரச் சான்று வேண்டுமா, லேபிளில் ஏதாவது கட்டாயமா.

இதில் தரச் சான்றுதான் அதிகம் காலை வாரும் இடம். இந்தியாவில் வெப்பம் காக்கும் பாட்டில்களுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டில் தயாரானது என்றால் அந்த உரிமத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பிடமிருந்து அந்த வெளிநாட்டுத் தொழிற்சாலைதான் வாங்க வேண்டும். இறக்குமதியாளர் எவ்வளவு முயன்றாலும் சரக்கு துறைமுகத்துக்கு வந்த பிறகு அதைச் சரிசெய்ய முடியாது. விலை மலிவாகச் சொல்லும் தொழிற்சாலையிடம் உரிமம் இருக்கிறதா என்பதை முன்பணத்துக்கு முன்பே கேட்டு, உரிம எண்ணை இணையத்தில் சரிபார்த்துவிடுங்கள்.

பொருளில் பிரச்சினை இல்லாவிட்டாலும் அதைச் சுற்றியிருப்பதில் பிரச்சினை வரலாம். மரப் பலகை, மரப் பெட்டி இரண்டுக்கும் ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதி உண்டு. மரத்தின் நடுப்பகுதி 56 டிகிரி செல்சியஸில் குறைந்தது 30 நிமிடம் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும், அல்லது அந்த விதி ஏற்கும் வேறு முறையில் பதப்படுத்தப்பட்டிருக்க வேண்டும். கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையும் மரத்தில் இருக்க வேண்டும். முத்திரை இல்லாத பலகையால் முழு கன்டெய்னரும் நிற்கும். கப்பல் ஏற்றும் முன் முத்திரை தெரியும்படி ஒரு போட்டோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லித்தியம் பேட்டரி உள்ள பொருளுக்கு, பேட்டரி பாதுகாப்பாகப் பயணிக்குமா என்று பார்க்கும் யுஎன் 38.3 சோதனையின் விவரம் கையில் இருக்கட்டும். காட்டு விலங்கு, அரிய மரம் சார்ந்த பொருளென்றால், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் அனுமதி வேண்டுமா என்று பாருங்கள். பிரபல பிராண்டின் பெயரோ வடிவமோ இருந்தால், போலிச் சரக்கு என்று சுங்கமே தடுத்துவைக்கலாம்.

மூன்றாவது படி: இறக்குமதியாளராகப் பதிவது

சட்டத்தின் பார்வையில் இறக்குமதியாளர் என்றால் சுங்கத்தில் தாக்கல் செய்யும் சரக்கு அறிவிப்பில் யார் பெயர் இருக்கிறதோ அவர். எண்ணைச் சரியாகப் போடுவது, மதிப்பைச் சரியாகச் சொல்வது, வரி கட்டுவது, பின்னால் தணிக்கை வந்தால் பதில் சொல்வது எல்லாம் அவர் பொறுப்பு. ஏஜென்ட் தவறாகப் போட்டாலும் முதலில் நோட்டீஸ் இறக்குமதியாளருக்குத்தான் வரும். இதனால்தான் வேறொருவரின் பதிவு எண்ணில் சரக்கை இறக்காதீர்கள், உங்கள் எண்ணையும் யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று அழுத்தமாகச் சொல்கிறேன். நண்பருக்காக, ஒரே ஒரு தடவைதான் என்று கொடுத்த எண்ணில் என்ன சரக்கு வந்தது என்பதற்குப் பல ஆண்டு கழித்தும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

பதிவு நாட்டுக்கு நாடு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்.

இந்தியாவில் வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகம் தரும் ஐஇசி எனும் இறக்குமதி-ஏற்றுமதி எண் வேண்டும். ஜிஎஸ்டி வந்த பிறகு அது பான் எண்ணையே அடிப்படையாகக் கொண்டது. ஆயுட்காலத்துக்கும் செல்லும் என்றாலும், ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலத்தில் விவரங்களை இணையத்தில் உறுதிப்படுத்த வேண்டும். மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் அப்படியே. மறந்தால் எண் செயலிழக்கும், சரக்கு துறைமுகத்தில் நிற்கும்போதுதான் பலருக்கு அது தெரியவருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இஓஆர்ஐ எனும் சுங்கப் பதிவு எண். எந்த உறுப்பு நாட்டில் வாங்கினாலும் ஒன்றியம் முழுக்கச் செல்லும். பிரிட்டன் பிரிந்துவிட்டதால் அதற்கு ஜிபி என்று தொடங்கும் தனி எண் வேண்டும். அமெரிக்காவில் பொதுவான இறக்குமதி உரிமம் என்று எதுவும் கிடையாது. வரி அடையாள எண்ணை வைத்து 5106 எண் படிவம் மூலம் சுங்கத்தில் பதிவு செய்கிறார்கள். ஆனால் 2500 டாலருக்கு மேற்பட்ட வணிகச் சரக்குக்கு பாண்டு எனும் உத்தரவாதம் வேண்டும். ஓராண்டில் வரும் எல்லாச் சரக்குக்கும் சேர்த்து எடுக்கும் தொடர் பாண்டு என்றால் குறைந்தபட்ச உத்தரவாதத் தொகை 50,000 டாலர். அந்தத் தொகையை நீங்கள் கட்ட வேண்டியதில்லை, அதற்கான பிரீமியத்தை மட்டும் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கட்டினால் போதும். கனடாவில் வணிக எண்ணோடு இறக்குமதிக் கணக்கு தொடங்க வேண்டும், அதோடு 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த கார்ம் இணைய வாசலிலும் பதிய வேண்டும். சிங்கப்பூரில் நிறுவனத்தின் யூஇஎன் எண்ணை வைத்து சுங்கக் கணக்கைச் செயல்படுத்திய பிறகு, டிரேட்நெட் என்ற இணைய அமைப்பு வழியாக அனுமதி எடுக்க வேண்டும்.

கேட்கும் காகிதங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: நிறுவனப் பதிவுச் சான்று, வரி எண், முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்ற கடிதம். இதில் கவனிக்க வேண்டியது பெயர். வரிப் பதிவில், வங்கியில், சுங்கப் பதிவில், இன்வாய்ஸில் நிறுவனத்தின் பெயரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பிரைவேட் லிமிடெட் என்பது ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்தில் விடுபட்டாலே கேள்வி வரும்.

பதிவு முடிந்ததும், உங்கள் சார்பில் சுங்க அறிவிப்பைத் தாக்கல் செய்யும் கஸ்டம்ஸ் புரோக்கரை அமர்த்துங்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத நாடுகளில்கூட முதல் சில சரக்குகளுக்கு நல்ல புரோக்கர் இருப்பது நல்லது. உரிமம் உள்ளவரா, உங்கள் பொருள் வகையைக் கையாண்டிருக்கிறாரா என்று விசாரியுங்கள். அவருக்குக் கொடுக்கும் அதிகாரக் கடிதத்தில் எதற்கு அதிகாரம், எவ்வளவு காலம் என்று தெளிவாக எழுதுங்கள். அவர் தாக்கல் செய்யும் ஒவ்வொரு அறிவிப்பின் நகலும் உங்களுக்கு வந்தாக வேண்டும்.

நான்காவது படி: யார் எதைச் செய்வது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்

விற்பவர், வாங்குபவர் பொறுப்புகளைப் பிரிக்கும் சர்வதேச வணிகச் சபையின் இன்கோடெர்ம்ஸ் 2020-ல் பதினொரு விதிகள் இருக்கின்றன. எங்கே பொறுப்பு கைமாறுகிறது, போக்குவரத்துக் கூலியும் காப்பீடும் யார் தலையில் என்பதை மூன்றெழுத்தில் சொல்லிவிடலாம். புதிதாக ஆரம்பிப்பவர் இரண்டு எல்லைகளையும் தவிர்ப்பது நல்லது. இஎக்ஸ்டபிள்யூ என்றால் சப்ளையரின் நாட்டில் ஏற்றுமதி வேலைகளையும் நீங்கள்தான் பார்க்க வேண்டும். மறுமுனையில் டிடிபி. வரி வரைக்கும் சப்ளையரே கட்டி வாசலில் இறக்குகிறேன் என்பார். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் உங்கள் நாட்டில் பதிவே இல்லாத அவர் யார் பெயரில், எந்த மதிப்பில் அறிவிக்கிறார் என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் பெயரில் வரி ரசீது இல்லாததால் கட்டிய மதிப்புக்கூட்டு வரியைத் திரும்பப் பெறவும் வழி இருக்காது. எஃப்ஓபி (சப்ளையர் கப்பலில் ஏற்றித் தருவது), எஃப்சிஏ (நீங்கள் சொல்லும் போக்குவரத்தாளரிடம் ஒப்படைப்பது), சிஐஎஃப் (கப்பல் கூலியையும் காப்பீட்டையும் சப்ளையர் கட்டுவது) இவற்றில் ஒன்றை, இடத்தின் பெயரோடு சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது படி: வரியை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

சுங்க மதிப்பின் அடிப்படை, பொருளுக்கு நீங்கள் உண்மையில் கொடுத்த அல்லது கொடுக்க வேண்டிய விலை. அதை ஏற்க முடியாதபோது அதிகாரிகள் மாற்று முறைகளுக்கு வரிசைப்படி போவார்கள். முதல் முறையோடு சேர்த்து மொத்தம் ஆறு. நாடுகள் பிரியும் இடம் கூலியும் காப்பீடும். ஐரோப்பிய ஒன்றியமும் இந்தியாவும் அவற்றைச் சேர்த்து சிஐஎஃப் அடிப்படையில் மதிப்பிடும். அமெரிக்காவும் கனடாவும் ஆஸ்திரேலியாவும் சேர்ப்பதில்லை.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பாட்டில்களின் விலை 10,000. கப்பல் கூலி 900, காப்பீடு 100. சுங்க வரி 10 சதவீதம், உள்நாட்டு வரி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிஐஎஃப் நாட்டில் மதிப்பு 11,000, சுங்க வரி 1,100. உள்நாட்டு வரி 11,000-க்கு அல்ல, சுங்க வரியையும் சேர்த்த 12,100-க்கு. அதாவது 2,178. மொத்தம் 3,278. இரண்டு விகிதங்களையும் கூட்டி 28 சதவீதம் என்று 10,000-க்குப் போட்டவர் 2,800-தான் எதிர்பார்த்திருப்பார். இதோடு கூடுதல் தீர்வைகள், பொருள்குவிப்புத் தடுப்பு வரி (தயாரான நாட்டின் விலையைவிடக் குறைத்து அனுப்பும் சரக்குக்கு விதிப்பது), துறைமுகக் கட்டணம் எல்லாம் சேரலாம். பொருள்குவிப்புத் தடுப்பு வரி சில சமயம் சாதாரண வரியைவிடப் பல மடங்கு இருக்கும். அது பொருளையும் தயாரான நாட்டையும், ஏன், தயாரிப்பாளரையும் பொறுத்தது. அதனால் வரி அட்டவணையோடு நிற்காமல் அதற்கான அறிவிக்கைகளையும் தேடுங்கள்.

இன்வாய்ஸில் வராத செலவுகளும் மதிப்பில் சேரும். பாட்டிலுக்கான அச்சை நீங்களே காசு கொடுத்துச் செய்து தொழிற்சாலைக்கு இலவசமாகத் தந்தால் அந்தச் செலவைப் பங்கிட்டுச் சேர்க்க வேண்டும். விற்பனையின் நிபந்தனையாக வடிவமைப்பு உரிமைத் தொகை கொடுத்தால் அதுவும் சேரும். விற்பனை முகவருக்குக் கொடுத்த கமிஷனும் அப்படித்தான். கூலி ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள். இந்தியாவில் கூலி எவ்வளவு என்று தெரியாவிட்டால் எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதத்தையும், காப்பீடு தெரியாவிட்டால் 1.125 சதவீதத்தையும் சேர்த்துவிடுவார்கள். நாணய மாற்று விகிதமும் வங்கி சொல்வது அல்ல, சுங்கம் அறிவிப்பது.

விலையைக் குறைத்து இன்வாய்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சப்ளையர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதே பொருள் மற்றவர்களுக்கு என்ன விலைக்கு வந்தது என்ற தரவு சுங்கத்திடம் இருக்கிறது, வங்கி வழியாக நீங்கள் அனுப்பிய தொகையும் பதிவில் இருக்கிறது. சரக்கு கடலில் தொலைந்தால் இன்வாய்ஸில் இருக்கும் விலையைத்தான் காப்பீட்டிலும் காட்ட முடியும்.

வர்த்தக ஒப்பந்தம் இருக்கும் நாட்டிலிருந்து வந்தால் வரி குறையலாம், சில சமயம் பூஜ்யமாகலாம். ஆனால் அந்த நாட்டிலிருந்து கப்பல் ஏறினால் மட்டும் போதாது, ஒப்பந்தம் சொல்லும் அளவுக்கு அங்கே தயாராகியிருக்க வேண்டும். பிறப்பிடச் சான்றில் உள்ள எண்ணும் விவரமும் இன்வாய்ஸோடு பொருந்த வேண்டும். வழியில் வேறு நாட்டில் சரக்கை இறக்கி ஏற்றினால் நேரடிப் போக்குவரத்து நிபந்தனை பாதிக்கப்படுமா என்றும் பாருங்கள்.

ஆறாவது படி: காகிதங்கள்

கமர்ஷியல் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் அல்லது ஏர்வே பில் (கப்பல் அல்லது விமான நிறுவனம் தரும் சரக்குச் சீட்டு), காப்பீட்டுப் பத்திரம், பிறப்பிடச் சான்று, பொருளுக்குரிய சான்றிதழ்கள். பட்டியல் இவ்வளவுதான், தரம்தான் முக்கியம். இன்வாய்ஸில் வெறுமனே 'பாட்டில்கள் – 2000' என்று இருந்தால் கேள்வி நிச்சயம். '304 கிரேடு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இரட்டைச் சுவர் வெற்றிடக் குடிநீர் பாட்டில், 750 மில்லி, மாடல் எண் இன்னது, 2000 எண்ணிக்கை, ஒன்றின் விலை 5' என்று இருந்தால் எந்தத் தலைப்பில் போகும் என்று அதிகாரிக்குப் படித்ததும் புரியும்.

அச்சிடும் முன் எல்லாவற்றின் வரைவையும் மின்னஞ்சலில் வாங்கி ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கை, மொத்த எடை, நிகர எடை, கன்டெய்னர் எண், சீல் எண், உங்கள் முகவரி. கப்பல் கிளம்பிய பிறகு பில் ஆஃப் லேடிங்கைத் திருத்துவதற்குக் கட்டணமும் நாள்களும் பிடிக்கும். அசல் பில் ஆஃப் லேடிங் கூரியரில் வருமா, அசல் இல்லாமலே செய்தி அனுப்பி விடுவிக்கும் டெலக்ஸ் ரிலீஸா என்பதையும் முன்பே பேசிவிடுங்கள், சரக்கு கூரியரை முந்திக்கொண்டு வந்துவிடும் கடல்வழிகள் உண்டு.

ஏழாவது படி: தாக்கல், சோதனை, விடுவிப்பு

சரக்கு வருவதற்கு முன்பே அறிவிப்பைத் தாக்கல் செய்துவிடுங்கள். சில நாடுகளில் இது கட்டாயம். அமெரிக்காவுக்குக் கடல்வழி போகும் சரக்கின் முக்கிய விவரங்களை, வெளிநாட்டுத் துறைமுகத்தில் கப்பல் ஏற்றுவதற்கு 24 மணி நேரத்துக்கு முன்பே இறக்குமதியாளர் தர வேண்டும். இந்தியாவில் பில் ஆஃப் என்ட்ரி எனும் இறக்குமதி அறிவிப்பை, பொதுவாக, சரக்கு வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட வேண்டும். தாமதத்துக்குத் தண்டத்தொகை உண்டு. இலங்கை உட்பட நூறுக்கு அருகிலான நாடுகள் ஐநாவின் வர்த்தக அமைப்பு உருவாக்கிய அசிகுடா மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதனால் திரைகள்கூடப் பல நாடுகளில் ஒரே சாயலில் இருக்கும்.

தாக்கலானதும் கணினி ஆபத்து அளவைக் கணித்து வழி பிரிக்கும். சில சரக்கு எந்தச் சோதனையும் இல்லாமல் வரி கட்டியதும் போய்விடும், சிலவற்றுக்குக் காகிதம் மட்டும் பார்ப்பார்கள், சிலவற்றைத் திறந்து பார்ப்பார்கள். புது இறக்குமதியாளரின் முதல் சரக்குகள் சோதனைக்குப் போவது சகஜம், அதைச் சந்தேகம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கேள்வி வந்தால் அன்றே பதில் சொல்லுங்கள். பொருளின் படம், கேட்டலாக், பணம் அனுப்பிய வங்கிச் சான்று, சப்ளையரோடு போட்ட ஒப்பந்தம் நான்கையும் முன்கூட்டியே ஒரு கோப்பில் வைத்திருந்தால் பெரும்பாலான கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும்.

வரிக்கான பணம் சரக்கு வரும் வாரம் கையில் இருக்க வேண்டும். இலவச நாள்கள் முடிந்தால் துறைமுகத்துக்கு டெமரேஜ் ஒரு பக்கம், கன்டெய்னரைத் திருப்பித் தரும் வரை கப்பல் நிறுவனத்துக்கு டிடென்ஷன் இன்னொரு பக்கம் ஓடும். எத்தனை நாள் இலவசம் என்று புக்கிங் செய்யும்போதே கேளுங்கள், பேசினால் கூட்டித் தருவார்கள். மொத்த வரியையும் உடனே கட்ட முடியாவிட்டால் சுங்கக் கிடங்கில் வைத்து, தேவைப்படும்போது தேவைப்பட்ட அளவுக்கு வரி கட்டி எடுக்கும் வழி பல நாடுகளில் இருக்கிறது. கண்காட்சிக்குக் கொண்டுபோய்த் திருப்பி எடுத்து வரும் பொருளென்றால் வரி கட்டவே வேண்டாம், ஏடிஏ கார்னே எனும் தற்காலிக இறக்குமதி ஆவணம் எடுத்தால் ஓராண்டு வரை செல்லும்.

கூரியரில் சிறு பார்சலாக வரவழைப்பவர்கள் பழைய விலக்குகளை நம்பி இருக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 22 யூரோ வரையிலான பார்சல்களுக்கு இருந்த மதிப்புக்கூட்டு வரி விலக்கை 2021 ஜூலை 1-ல் நீக்கியது. அமெரிக்கா 800 டாலர் வரையிலான விலக்கை 2025 ஆகஸ்ட் 29 முதல் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தியது. விற்பதற்காக வருவது எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அது வணிக இறக்குமதிதான், பரிசு என்று எழுதினால் பொய் அறிவிப்பு.

சரக்கு கிடங்குக்கு வந்த பிறகு

காகிதங்களைத் தூக்கிப்போடாதீர்கள். விடுவிப்புக்குப் பின் தணிக்கை என்பது இப்போது எல்லா நாட்டிலும் வழக்கம். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் ஐந்து ஆண்டு, கனடாவில் ஆறு ஆண்டு, ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். இன்வாய்ஸ் மட்டுமில்லை, சப்ளையரோடு நடந்த மின்னஞ்சல்கள், பணம் அனுப்பிய சான்று, எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற குறிப்பு எல்லாம் சரக்கு வாரியாக ஒரே கோப்பில் இருக்கட்டும்.

அறிவிப்பில் இருந்த எடை, எண்ணிக்கை, விலையை உண்மையில் வந்த சரக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகமாக வரி கட்டியிருந்தால் திரும்பக் கேட்கக் காலக்கெடு உண்டு, அது பல நாடுகளில் குறுகியது. குறைவாகக் கட்டியது தெரியவந்தால், அதிகாரிகள் கண்டுபிடிக்கும் முன் நீங்களே எழுதிக் கொடுத்து வட்டியோடு கட்டிவிடுங்கள். பெரும்பாலான நாடுகளில் அப்படிச் செய்பவருக்கு அபராதம் கிடையாது, அல்லது வெகுவாகக் குறையும். நோட்டீஸ் கிளம்பிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும்.